காந்தம் விழுந்தது, வரைபடம் எங்கே?

செம்புக் கம்பிச் சுருளின் நடுவே சிறு காந்தம் ஒன்றை நழுவவிட்டால், அது தரையைத் தொடுவதற்குள் சுருளில் மின்னழுத்தம் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் புரண்டுவிடும். இரண்டாவது எழுச்சி முதலாவதைவிடச் சற்றுப் பெரிது. விழ விழக் காந்தத்தின் வேகம் கூடுகிறது அல்லவா? எல்லாம் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். மீட்டர் முள்ளுக்கு அந்த வேகம் கிடையாது. கணினியோடு இணைத்த எக்ஸ்பைஸ் பெட்டியோ அதை வரைபடமாகவே காட்டும்.

டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில், பி.பி. அஜித்குமார் முன்னெடுத்த ஃபீனிக்ஸ் திட்டத்தில் பிறந்த கருவி இது. வடிவமைப்பு, நிரல் இரண்டுமே எல்லாருக்கும் திறந்தவை. கேரளப் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வகங்களுக்கும் இது வந்திருக்கிறது. அந்த மாநிலத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு மலைகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. பாடநூல் அவர்களுக்குத் தமிழில் கிடைக்கிறது; கணினி தன் கோளாறை ஆங்கிலத்தில்தான் சொல்கிறது. ஒரே ஒரு கோளாறையாவது தமிழில் முழுதாகப் பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் தொகுப்புகளில் எக்ஸ்பைஸ் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றின் நிறுவல் கருவியான ‘ஆப்ட்’ வழியாக நிறுவினால், அது சார்ந்திருக்கும் மற்றவையும் கூடவே வந்து இறங்கும். புதிய பதிப்பு வேண்டும் என்றோ, நிரலைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்றோ மூலநிரலை நேராக இறக்கினால் அந்த வசதி போய்விடும். இயக்கியதும் திரையில் பல வரிகள் கொட்டும். பயப்பட வேண்டாம், கடைசி வரியை மட்டும் படியுங்கள்: ‘நோ மாட்யூல் நேம்டு சீரியல்’. அதாவது, சீரியல் என்ற பெயரில் மாட்யூல் (நிரல் துணைக்கு அழைக்கும் துணைநிரல்) எதுவும் இல்லை.

பெட்டியில் இருக்கும் சிப், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றி யுஎஸ்பி கம்பி வழியே அனுப்புகிறது. அந்த எண்களைக் கணினியின் வாசலில் நின்று வாங்கி, பைத்தான் மொழியில் எழுதிய எக்ஸ்பைஸ் நிரலிடம் சேர்க்கும் வேலை சீரியல் என்ற மாட்யூலுடையது. அது இல்லையென்றால் பெட்டியும் கம்பியும் நன்றாக இருந்தும் நிரலுக்கு எதுவும் வந்து சேராது.

ஆனால் பைத்தான் இங்கே சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கணினியில் எங்குமே சீரியல் இல்லை என்று அது சொல்லவில்லை. தன்னிடம் ‘சிஸ்.பாத்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள அடைவுகளில் மட்டும் வரிசையாகத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது. பைத்தான் 2-க்கு ஒரு பட்டியல், பைத்தான் 3-க்கு வேறொரு பட்டியல். பழைய எக்ஸ்பைஸ் ஜூனியர் காலத்து நிரல்கள் பைத்தான் 2-இல் ஓடின. அதற்காக நிறுவிய மாட்யூல் இன்றும் வன்தட்டில் இருக்கலாம். பைத்தான் 3 அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றபோது இப்படித் தடுக்கி விழுந்த நிரல்கள் ஏராளம்.

அடுத்த சிக்கல் பெயரில். வீட்டில் ராசு, ரேஷன் கார்டில் ராஜேந்திரன் என்பதுபோல, நிரலுக்குள் சீரியல் என்று அழைக்கப்படுவதன் பதிவுப் பெயர் பைசீரியல். உபுண்டுவில் அதுவே பைத்தான்3-சீரியல். பைத்தான் மாட்யூல்களை நிறுவும் ‘பிப்’ கருவியிடம் வெறுமனே சீரியல் என்று கேட்டால், அதே பெயரில் இருக்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு மாட்யூல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது பழைய பிழை மறைந்து, புரியாத வேறொரு பிழை முளைக்கும். சோதனைக்காக எழுதிய சொந்தக் கோப்புக்கு ‘சீரியல்.பை’ என்று பெயர் வைத்தாலும் இதே கதிதான். நிரல் இருக்கும் அடைவையே பைத்தான் முதலில் தேடும். அந்தக் கோப்பையே மாட்யூல் என்று எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் குழப்பமானது, ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்று கிளம்புவது. மாட்யூலை பிப் மூலம் உங்கள் பயனர் கணக்கில் சரியாக நிறுவிவிட்டீர்கள். நிரலை இயக்கினால் அனுமதி மறுப்பு: யுஎஸ்பி வாசலைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை. உடனே கை தானாகக் கட்டளையின் முன்னால் ‘சுடோ’ சேர்த்துவிடும். இப்போது நிரலை இயக்குபவர் நீங்கள் அல்ல, ரூட் என்ற நிர்வாகப் பயனர். அவருடைய தேடல் பட்டியலில் உங்கள் வீட்டு அடைவு இல்லை. சற்றுமுன் நிறுவிய சீரியல் மறுபடியும் ‘இல்லை’ என்றாகிவிடும். திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்து, கடைசியில் கருவியே பழுது என்று அலமாரியில் வைத்துவிடுவது இந்த இடத்தில்தான் நடக்கும். அந்தப் பெட்டியில் ஒரு பழுதும் இருக்காது.

உபுண்டுவில் இதற்கு வழி: பைத்தான்3-சீரியலை ஆப்ட் வழியாக நிறுவுங்கள், அது எல்லாப் பயனருக்கும் பொது. சுடோவை விட்டுவிட்டு, உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிடுங்கள். வாசலைத் திறக்கும் உரிமை அந்தக் குழுவிடம் இருக்கிறது. சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். யார் எந்தக் குழுவில் என்பதை லினக்ஸ் நுழைவின்போதுதான் பார்க்கிறது. அதுவரை பழைய உரிமைகளே நீடிக்கும்.