குளிர் வழிந்தோடும் மலை

மார்கழி விடியலில் ஊட்டிப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் ஸ்வெட்டர் விஷயத்தில் ஏமாந்துபோவார்கள். மேலே ஏற ஏறக் குளிரும் என்பதுதானே கணக்கு? அந்த நேரத்தில் கணக்கு புரண்டுவிடுகிறது. தலைகுந்தா, காந்தள் போன்ற பள்ளங்களில் புல் வெள்ளையாக விறைத்துக் கிடக்கும். அங்கிருந்து சரிவில் கொஞ்சம் ஏறினால் அதே புல் வெறும் ஈரத்தோடு நிற்கும்.

பகல் கணக்கு எளிது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். மேலெழும் காற்று விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிக்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி இறங்கும். கோவை உக்கடத்தில் 30 டிகிரி என்றால் ஊட்டி சேரிங் கிராஸில் ஏறக்குறைய 18. ஆனால் 18 டிகிரி உறைபனி ஆகாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைதான் தள்ளியிருக்கும் ஊரில் நீர் உறைய வேண்டுமென்றால் இரவு வேறொரு வேலை செய்தாக வேண்டும்.

தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக, அதாவது கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களாக, வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சமவெளியில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதில் பெரும்பகுதியைத் தரைக்கே திருப்பிவிடும். ஊட்டியில் நிற்பவருக்கோ வளிமண்டலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு காலுக்குக் கீழே போய்விட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சூடு தடையில்லாமல் வெளியேறுகிறது. முதலில் குளிர்வது காற்றல்ல, புல். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் இருக்கும். அது 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனி சுழியத்துக்குக் கீழே போயிருக்கும். ‘குறைந்தபட்சம் 3 டிகிரி, உறைபனி’ என்று நாளிதழில் வருவது அச்சுப்பிழை இல்லை.

குளிர்ந்த காற்று கனமானது. மடை திறந்த தண்ணீர் தாழ்ந்த வயலைத் தேடிப் போவதுபோல அது சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர், மேலே கதகதப்பு என்ற இந்த ஏற்பாட்டை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். காலை வெயில் உறைத்ததும் அது கலைந்துவிடும். நடப்பவருக்கு இதனால் ஒரு லாபம்: குளிர் தாங்காதவர்கள் பள்ளத்துப் பாதையை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று பருவத்தைப் பிரித்துச் சொல்வார்கள். உறைபனி தொடங்கிவிட்டால் இளந்தேயிலை கருகும். அதைத் தடுக்க விவசாயிகள் செடிமேல் பெரணித் தழையைப் பரப்பி மூடுவதுண்டு. தழையிடம் சூடு ஒன்றும் இல்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவே அது ஒரு மறைப்பு, அவ்வளவே. செடியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைத் தழை உறிஞ்சி, ஒரு பகுதியைச் செடிக்கே திருப்பி அனுப்புகிறது.

இந்த உத்தியில் சோலைக்காடு கைதேர்ந்தது. மேல்மலையில் நடப்பவர்களை வியக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு: மலை முதுகெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த மரம். இரண்டுக்கும் நடுவே எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். குளிர் தேங்குவதே தாழ்வான இடத்தில்தானே, அங்கே மரம் எப்படிப் பிழைக்கிறது? கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் விடை கிடைக்கும். 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு 2024-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வானத்தை மறைத்திருக்கின்றன. கீழே இருக்கும் கன்றுக்கு உறைபனி தெரியாது. அதே விதை நாலடி தள்ளிப் புல்வெளியில் முளைத்தால் பனியில் கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வளர்முனை மண்ணை ஒட்டியே இருப்பதால் நுனி எரிந்தாலும் மறுபடி துளிர்க்கும். மண்ணின் ஆழம், காற்று, காட்டுத்தீ ஆகியவற்றுக்கும் எல்லை வகுப்பதில் பங்குண்டு. என்றாலும் பனியின் கை பெரிது.

காட்டை மனிதன் எரித்ததால்தான் புல்வெளி வந்தது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். பதில் நீலகிரியின் சதுப்புகளுக்குள் புதைந்திருந்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் தாவரக் கழிவு முழுதாக மக்காமல், பீட் எனப்படும் கரிமண்ணாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. கார்பனில் எடை சற்றுக் கூடிய ஒரு வகையை வெப்பமண்டலப் புற்கள் மரங்களைவிட அதிகமாக உள்வாங்கும். ஆக, எந்த அடுக்கில் புல் ஓங்கியது, எதில் மரம் ஓங்கியது என்று அளந்துவிடலாம். ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகமே குளிர்ந்து வறண்டிருந்தபோது, இங்கே புல்லின் ஆட்சி. பிறகு மழை பெருகியபோது மரங்கள் முன்னேறின, வறண்டபோது பின்வாங்கின. கோடரி வருவதற்கு வெகுமுன்பே எல்லை நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த எல்லையை உடைத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம். அதன் கன்று பனியைத் தாங்கும். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகப் பெருமளவில் நடப்பட்ட அது பரந்த புல்வெளிகளை விழுங்கிவிட்டது. வனத்துறை இப்போது அதை அகற்றப் பாடுபடுகிறது. இதில் ஒரு சிக்கல்: வயதான சில சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. கன்றுக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு மறைப்பு. அதைத் தருவது உள்ளூர் மரமா வெளிநாட்டு மரமா என்று அது பார்ப்பதில்லை. எந்தத் தோப்பை வெட்டிப் புல்லுக்குத் திருப்பித் தருவது, எதைச் சோலையாகும்வரை விட்டுவைப்பது என்று சூழலியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.