ஆற்றோர நிலம் பொதுப் பூங்காவாகும்போது: உரிமையாளர் அறிய வேண்டியவை

அப்பா காலத்தில் வாங்கிய ஆற்றோர நிலம். ரம்புத்தானும் வாழையும் நிற்கின்றன. ஒரு நாள் மாவட்ட நில அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. ஆற்றங்கரையைப் பாதுகாக்கவும் பொதுமக்களுக்கு நடைபாதை அமைக்கவும் நிலம் எடுக்கப்படவிருக்கிறதாம். "அரசாங்கம் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்" என்று நம்மில் பலர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் எடுக்கிறார்கள்?

ஆறு பெருகும்போது பரவ இடம் வேண்டும். கரையில் மரமும் புல்லும் இருந்தால் மண் அரிப்பு குறையும். அழுக்கு நேராக ஆற்றில் கலக்காது. அதற்காகவே வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று ரிசர்வ் அகலத்துக்கு வழிகாட்டி வைத்துள்ளது. 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறு என்றால் இரு கரையிலும் 50 மீட்டர். 5 மீட்டருக்கும் குறைந்த சிற்றாறு என்றால் 5 மீட்டர். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்த வழிகாட்டி வருவதற்கு முன்பே பல இடங்களில் ஆற்றின் விளிம்பு வரை தனியாருக்குக் கிராண்ட் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தை மக்களுக்கென மீட்க வேண்டுமானால் அரசு விலை கொடுத்தாக வேண்டும்.

சட்டம் சொல்வது

போதிய இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்க முடியாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு. தீபகற்ப மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ், பொது நோக்கத்துக்காக மாநில அரசு நிலத்தை எடுக்கலாம். பொழுதுபோக்குப் பயன்பாடும் அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆகவே, "பூங்காவுக்கெல்லாம் நிலம் எடுக்க முடியாது" என்று வாதாடிப் பயனில்லை. பேச வேண்டியது இழப்பீட்டைப் பற்றித்தான்.

படிப்படியாக

முதலில் வருவது 4-ஆவது பிரிவு அறிவிப்பு. நிலத்தை அளக்க அதிகாரிகள் வரலாம் என்பதே அதன் பொருள். நிலம் இன்னும் உங்களுடையதுதான். அடுத்தது 8-ஆவது பிரிவுப் பிரகடனம். இது வந்துவிட்டால் எடுப்பு உறுதி. பிறகு 'போராங் ஈ' மூலம் விசாரணைக்கு அழைப்பார்கள்.

இந்த விசாரணைக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும். நிலத்தின் சந்தை மதிப்பு, மீதி நிலம் துண்டாவதால் வரும் நஷ்டம், குடிமாறும் செலவு ஆகியவற்றைக் கேட்கும் இடம் அதுவே. தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு போவது நல்லது. விசாரணை முடிந்ததும் 'போராங் எச்' மூலம் தொகை அறிவிக்கப்படும். தொகை போதாது என்றால் 'போராங் என்' கொடுத்து, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். தீர்ப்பு நாளில் நீங்களோ உங்கள் பிரதிநிதியோ அங்கே இருந்திருந்தால் அதற்கு 6 வாரம்தான் அவகாசம். பணத்தை வாங்கும்போதே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள்.

நீதிமன்றத்தில் தொகையை யார் முடிவு செய்வது என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்தே இறுதி. 2017-இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. இப்போது முடிவெடுப்பவர் நீதிபதி.

ஆற்றோரத்துக்கே உரிய சிக்கல்கள்

ஆறு அரித்து ஆற்றுப் படுகையாகிவிட்ட பகுதி, தேசிய நிலச் சட்டப்படி அரசு நிலமாகிவிடுகிறது. கிராண்டில் ஓர் ஏக்கர் என்று இருந்தாலும் இன்று அளந்தால் குறையலாம்.

எடுப்பு வரப்போகிறது என்று தெரிந்து அவசரமாகக் கொட்டகை போட்டால் அதற்குப் பணம் கிடைக்காது. பூங்கா வருவதால் உங்கள் மீதி நிலத்தின் விலை ஏறும் என்றால் அந்த உயர்வை இழப்பீட்டிலிருந்து கழிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற நீங்களே விண்ணப்பித்தால் கதை வேறு. ஆற்று ரிசர்வ் பகுதியை ஒப்படைக்கும்படி நிபந்தனை வரும். அதற்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடையாது.

கிராண்ட் இல்லாமல் ரிசர்வ் நிலத்தில் நிற்கும் வீடுகளுக்கும் கோவில்களுக்கும் நில உரிமையாளர் என்ற முறையில் இழப்பீடு கோர வழியில்லை. டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும். மாற்று இடத்துக்கான பேச்சுவார்த்தையை எடுப்பு தொடங்கும் முன்பே ஆரம்பிப்பதுதான் நல்லது.

விரும்பி விற்கும் வழி

கட்டாய எடுப்பு மட்டுமே வழியல்ல. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றோரத்தில் சுமார் 26,000 ஹெக்டர் 2005-இல் வனவிலங்கு சரணாலயமாகக் கெஜட் செய்யப்பட்டது. அது ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கிறது. இடையிடையே செம்பனைத் தோட்டங்கள். யானைகள் நடமாடக் கரையோரப் பாதை வேண்டும் என்பதற்காக, பாதுகாப்பு அமைப்புகள் விற்க முன்வரும் உரிமையாளர்களிடம் நிலத்தை வாங்கித் துண்டுகளை இணைத்து வருகின்றன.

எடுத்த பிறகு?

நிலம் கொடுத்தவரும் அக்கம்பக்கத்தாரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இடம் பூங்காவாகக் கெஜட் செய்யப்படுமா? தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் பொது நோக்க ரிசர்வாகக் கெஜட் செய்துவிட்டால், பின்னர் அதை ரத்து செய்ய முன்கூட்டியே அறிவித்து, ஆட்சேபங்களை விசாரிக்க வேண்டும். கெஜட் இல்லாத பூங்காவுக்கு அந்தக் காவல் கிடையாது. நாளை அங்கே வேறு கட்டடம் எழலாம். எனவே விசாரணையில் இதையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

ஊருக்காக நிலம் கொடுப்பது நல்ல காரியம். கொடுப்பவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். கொடுத்த கரை என்றும் ஊருக்கே இருக்க வேண்டும். கடிதம் வந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.