அரசின் சலுகை அடுப்பங்கரைக்கு எட்டுமா?



வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் றொசல்ல என்றொரு சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. இலங்கையில் மழை மிகுந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். 1950 இல் லக்சபானவில் தொடங்கிய மின் உற்பத்தி இந்த மலைநாட்டுத் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. ஆனாலும் மின்பட்டியல் வரும் நாளில் நெஞ்சு படபடப்பது இங்குள்ள குடும்பங்களுக்கும் உண்டு.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், மேலும் 66 வீதம் ஏறியது. பின்னர் சில தடவைகள் குறைந்தது. 2025 ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது. கட்டணம் நம் கையில் இல்லை. செலவாகும் அலகுகள் ஓரளவு நம் கையில் உண்டு. அந்த அலகுகளைக் குறைக்க அரசு நமக்குக் கைகொடுக்கிறதா என்பதுதான் இன்று நாம் பார்க்க வேண்டியது.

கைகொடுத்த வரலாறு இருக்கிறது. 1980களில் விறகைச் சேமிக்கும் அடுப்புகளைப் பரப்ப அரசு ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1990களில் பரவிய ‘அனகி’ மண் அடுப்பு. ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம்; மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் குறைவு. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைந்தது. 2016 இல் கூரைச் சூரிய மின் திட்டம் ஆரம்பமானது. வீடுகளும் வியாபார நிலையங்களும் கூரையில் சூரியத் தகடு பொருத்த, ஆசிய அபிவிருத்தி வங்கியின் 5 கோடி டொலர் கடனுதவி 2017 இல் அங்கீகரிக்கப்பட்டு, உள்ளூர் வங்கிகள் வழியாகக் கடனாகக் கொடுக்கப்பட்டது.

நல்ல திட்டங்கள்தாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூரைக்குக் கடன் வாங்கக் கூரை சொந்தமாக இருக்க வேண்டும். வங்கிக்குக் காட்ட வருமானமும் பிணையும் வேண்டும். லயக் காம்பராவில் வாழ்பவருக்குக் கூரையும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. வாடகைக் கடையில் தேநீர் ஆற்றி விற்கும் சகோதரரின் நிலையும் அதுவே. இப்படி, வசதி உள்ளவரின் பட்டியல் குறைகிறது. குறைய வேண்டியவரின் பட்டியல் அப்படியே நிற்கிறது.

அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அண்மைய ஆண்டுகளின் கட்டண அட்டவணைகளில் மாதம் 60 அலகு என்பது ஒரு வரம்பு. அதற்குள் நின்றால் ஒரு விலை. தாண்டினால் முதல் அலகுக்கே விலை கூடிவிடும். இனி ஒரு கணக்குப் போடுவோம். 60 வாட் பழைய குண்டுக் குமிழ் தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. 9 வாட் எல்.ஈ.டி. குமிழ் அதே நேரம் எரிந்தால் ஒன்றரை அலகுகூட இல்லை. மூன்று குமிழ்களை மாற்றினால் ஏறத்தாழ 23 அலகு மிச்சம். 75 அலகு எரித்த வீடு 52 க்கு இறங்கி வரம்புக்குள் வந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பட்டியில் ஒரு கடதாசியைச் செருகி மூடுங்கள். இலகுவாக உருவ வந்தால் குளிர் கசிகிறது என்று அர்த்தம், பட்டியை மாற்றுங்கள். சூடான கறியை ஆறவிட்டு உள்ளே வையுங்கள். கடை வைத்திருப்போர் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டிய உடுப்புகளை ஒரே தடவையில் அழுத்தி வைத்தால், ஸ்திரிக்கைப் பெட்டி திரும்பத் திரும்பச் சூடேறும் செலவு மிச்சம். புதிய மின்விசிறியோ குமிழோ வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறையும்.

வீட்டுக்கு எட்டாதது ஊருக்கு எட்டலாம். நாடெங்கும் 5,000 வணக்கத்தலங்களின் கூரைகளில் சூரிய மின்தகடு பொருத்த இந்தியா 1.7 கோடி டொலர் நன்கொடை வழங்கியது. விகாரை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் அதில் இடம்பெற்றதா என்று நிர்வாக சபையிடம் வீட்டு ஆண்கள் மூலமோ நீங்களேயோ கேளுங்கள். பள்ளியின் மின்பட்டியல் குறைந்து மிஞ்சும் பணத்தில் ஏழை வீடுகளுக்கு நாலு குமிழ் வாங்கிக் கொடுக்க முடியாதா?

தோட்டங்களில் இந்திய உதவியுடன் தனிவீடுகள் எழுகின்றன. 10,000 வீடுகளுக்கான அடுத்த கட்டம் 2024 பெப்ரவரியில் தொடங்கியது. கட்டும்போதே புகைபோக்கியும் பகல் வெளிச்சம் தரும் ஜன்னலும் வைத்துவிட்டால் செலவு சொற்பம்; கட்டி முடித்தபின் சுவரை உடைப்பதுதான் சிரமம். இதை ஆண்கள் மறந்துவிடலாம். அடுப்பங்கரையில் இருமுகிறவர் மறக்கமாட்டார். ஆகவே வீட்டுத் திட்டக் கூட்டங்களுக்கு அவரும் போக வேண்டும்.

அடுத்த சலுகை அறிவிக்கப்படும்போது, “கூரை இல்லாதவருக்கு இதில் என்ன?” என்று உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள். அதுவரை, இந்த மாதப் பட்டியலில் எத்தனை அலகு என்று பார்த்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.