நடுவர் பார்ப்பது ஒரு படம்தான்

நீர்த்தாவரத் தொட்டிகளுக்கான உலகப் போட்டிகளில் புகழ்பெற்றது ஐ.ஏ.பி.எல்.சி. ஜப்பானின் நீகாதாவில் தகாஷி அமானோ நிறுவிய ஏ.டி.ஏ. நிறுவனம் 2001 முதல் இதை நடத்துகிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள்கூடக் கலந்துகொள்ளலாம். தொட்டியின் முன்பக்கம் முழுவதும் தெரியும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். மீன்கள் இயல்பாக வாழும் சூழலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதனால் செடியின் செழிப்பும் மீனின் நிம்மதியும் அந்த ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

முன் தயாரிப்பு

கத்தரித்த தண்டுச் செடிகள் மறுபடி தழைக்க இரண்டு மூன்று வாரமாகும். அதைக் கணக்கிட்டுக் கத்தரியுங்கள். வெட்டிய துண்டுகளை ஓடையிலோ வடிகாலிலோ போடாதீர்கள். தொட்டிகளிலிருந்து வெளியேறிய கபோம்பா என்னும் நீர்த்தாவரம் இன்று ஆஸ்திரேலியாவின் தேசிய முக்கியத்துவம் பெற்ற களைகளில் ஒன்று.

படமெடுக்கும் நாளில் கண்ணாடியின் இருபுறமும் பாசி போகத் துடைத்து, மிதக்கும் துகள்கள் அடங்கும்வரை காத்திருங்கள். ஃபில்டர் குழாய், கார்பன் டை ஆக்சைடு டிஃப்யூசர், ஹீட்டர் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஹீட்டரின் மின்சாரத்தை முதலிலேயே நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எடுத்தால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும். படம் முடிந்ததும் எல்லாவற்றையும் உடனே திரும்பப் பொருத்துங்கள்.

வெளிச்சம்

பதிவு வழக்கமாக மே மாத இறுதியில் முடியும். அப்போது இந்த இரு நகரங்களிலும் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், இருட்டிய அறையில் படமெடுப்பது எளிது. அறை விளக்குகளை அணைத்துத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது. பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி அதன் பின்னிருந்து ஒளி கொடுத்தால் காட்சிக்கு ஆழம் கிடைக்கும். கேமராவின் ஃபிளாஷைத் தவிருங்கள்; மீன்கள் மிரளும், கண்ணாடியும் பளிச்சிடும்.

கேமரா

டிரைபாடில் பொருத்தி, லென்ஸ் தொட்டியின் நடு உயரத்துக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். மிக அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் விளிம்புகள் வளையும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைகளாக விழும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அது மறையும். விளக்கு போட்டு மீன்கள் அமைதியாகி, கூட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகு நிறையப் படங்கள் எடுங்கள்.

அனுப்பும் முன்

சாய்வைச் சரிசெய்வதும் ஒளி, நிறத்தை உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதும் பொதுவாக ஏற்கத்தக்கவை. வேறு படத்திலிருந்து மீனை ஒட்டுவதும், இல்லாத செடியைச் சேர்ப்பதும், இருக்கும் குழாயை அழிப்பதும் ஏமாற்று. அதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்படலாம். கோப்பின் அளவு, படம் ஏற்கெனவே வெளியாகியிருக்கலாமா என்பது போன்ற விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் படியுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய வாரமே அனுப்பிவிட்டால், குறை தெரிந்தாலும் மறுபடி எடுக்க நேரம் இருக்கும்.