வா, போ, பெயர்

டொரன்டோவில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் 'அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருகிறேன்' என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே பயணத்தைச் சொல்லும்போது 'டொரன்டோ போகிறேன்' என்கிறோம். விமானம் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்த்து நாக்கு தானாக வினையை மாற்றிக்கொள்கிறது.

இதைத் தொல்காப்பியர் கவனித்திருக்கிறார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், 'வா', 'தா' இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, 'செல்', 'கொடு' இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறார். அதாவது, பேசுகிறவரும் கேட்கிறவரும் நிற்கும் இடம் வினைச்சொல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இன்றைய மொழியியலில் தனி ஆய்வுப் பரப்பாக விரிந்துவிட்ட இந்தச் செய்தியை நம் பழைய இலக்கணம் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டது. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, நாடு மாறிப் போகிறவர்களுக்கு நாம் சூட்டும் பெயர்களைப் பார்க்கலாம். 'வந்தேறி' என்ற வசைச்சொல்லில் 'வா' இருக்கிறது. அதைச் சொல்கிறவர் ஏற்கெனவே அந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். வந்து இறங்கியது மட்டுமே அவர் கண்ணில் படுகிறது. விட்டுவந்த வீட்டுக்கும் கிணற்றுக்கும் அந்தச் சொல்லில் இடமே இல்லை. ஆங்கிலத்திலும் இப்படித்தான். புறப்பட்ட ஊர்க்காரர்களுக்கு ஒருவர் 'எமிக்ரன்ட்'. இறங்கிய ஊரில் அவரே 'இமிக்ரன்ட்'. லத்தீன் முன்னொட்டு மாறியதும் திசை மாறிவிடுகிறது.

'புலம்பெயர்' என்ற சொல் இந்த வழியில் போகவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து அந்தத் துறைமுக நகரத்தில் கலந்து வாழ்ந்தவர்களைப் 'புலம்பெயர் மாக்கள்' என்கிறார். அங்கே அது வந்தவர்களைக் குறித்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரமாயிரமாய் ஈழத்தை விட்டு வெளியேறி கனடாவிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் வேரூன்றிய தமிழர்கள் தங்களைப் புலம்பெயர்ந்தோர் என்கிறார்கள். இங்கே அது போனவர்களைக் குறிக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டு இடைவெளியில் ஒரே சொல் எதிரெதிர் திசைகளுக்குப் பொருந்துகிறதே, எப்படி?

'பெயர்' என்ற வினையில் 'வா'வும் இல்லை, 'போ'வும் இல்லை. பாறை பெயர்கிறது, மரத்தை வேரோடு பெயர்க்கிறார்கள், சுவரில் காரை பெயர்ந்து விழுகிறது. இருந்த இடத்திலிருந்து நகர்ந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. யார் பக்கமும் சாயாத வினை அது. மொழிபெயர்ப்பிலும் இருப்பது இதே வினைதான். 'புலம்' என்பதோ நிலம், திசை, அறிவு என்று பல பொருள் தரும் சொல். மண் மாறும்போது மனிதருக்குள்ளே என்னவெல்லாம் மாறுகிறது என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது.

'அகதி' வேறு வகை. 'கதி' என்றால் போக்கு, புகல். முன்னால் நிற்கும் 'அ' அதை மறுக்கிறது. தனித்தமிழில் 'ஏதிலி' என்றாலும் ஈற்றில் அதே 'இல்லை' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1685இல் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டன்ட்டுகளுக்கு மத உரிமை தந்திருந்த நான்ட் ஆணையை ரத்து செய்தபோது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகள் நாட்டை விட்டு ஓடினார்கள். அவர்களைக் குறிக்கத்தான் 'ரெஃப்யூஜி' என்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அந்தச் சொல்லின் வேர் புகலிடம். அவர்கள் தேடியதை அது சொல்கிறது. நம் சொற்கள் இல்லாததைச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாம்கள் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கப்படும் என 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. முகாமில் பிறந்து, பள்ளிப் படிவத்தில் தன்னை அகதி என்று நிரப்பிய பிள்ளைக்கு இது சின்ன மாற்றம் அல்ல.

எனக்கு மிகவும் வலிக்கும் சொல் 'திரும்பு'. இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் போனவர்களின் வழிவந்தோர் 1948இல் குடியுரிமை இழந்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்து, இந்திய மண்ணை அதற்கு முன் பார்த்தே இராதவர் எப்படித் திரும்ப முடியும்? இலங்கையில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வந்து குடியேறியபோது 'சிலோன்காரர்'.

ராமேசுவரம் போகும் ரயில் பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்னால் மண்டபம் வரும். அங்கே ஒரு முகாம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைக் காலரா, அம்மை பயத்தால் தங்கவைத்துச் சோதித்தது அங்கேதான். ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியோர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். 1983க்குப் பிறகு, படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத்தமிழர்கள் தங்கியதும் அங்கேதான்.