உயிரணுவின் காவலாளியை மடக்கிய சார்ஸ் புரதம்

சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு சார்ஸ் கிருமி 238 பேரைப் பாதித்தது. அவர்களில் 33 பேர் உயிரிழந்தனர். லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனை, சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாண்டவர்களில் மருத்துவர்களும் தாதியரும் அடங்குவர்.

கிருமி உள்ளே நுழைந்ததும் நம் உயிரணுக்கள் ஏன் மடிகின்றன? இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சிங்கப்பூரிலேயே கிடைத்தது.

உயிரணுக்கள் மடிவது எப்போதும் கெட்டதன்று. கருவில் இருக்கும் குழந்தையின் விரல்கள் முதலில் சவ்வால் ஒட்டியே இருக்கும். அந்தச் சவ்வின் உயிரணுக்கள் தாமாகவே மடிந்த பிறகுதான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அது வேளை கெட்ட வேளையில் இயங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் காவலாளிகளும் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் ‘பிசிஎல்-எக்ஸ்எல்’ என்ற புரதம்.

இந்தக் காவல்முறை மிகப் பழமையானது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மண்புழு இனத்தில் (நம் தோட்டத்து மண்புழு அன்று, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உருளைப்புழு) வளர்ச்சியின்போது 1,090 உயிரணுக்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 மடிகின்றன. அப்புழுவிடமும் ‘செட்-9’ என்ற காவலாளி இருக்கிறது. மனிதக் காவலாளிப் புரதம் ஒன்றைப் புழுவுக்குள் செலுத்தியபோது, அங்கும் அது உயிரணுக்களைக் காப்பாற்றியதாக 1992ல் தெரியவந்தது. புழுவும் மனிதனும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தம் மாறவில்லை.

இப்புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த சிட்னி பிரென்னர், அதற்காக 2002ல் மற்ற இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிங்கப்பூரில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் அமையத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே. மறு ஆண்டே சார்ஸ் வந்தது.

அக்கழகத்தில் டான் யீ ஜூவும் சக ஆய்வாளர்களும், சார்ஸ் கிருமியின் ‘7ஏ’ என்ற சிறு புரதத்தைக் கவனித்தனர். அதில் 122 அமினோ அமிலங்களே உள்ளன. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் அதை மட்டும் அதிக அளவில் உருவாக்கினர். உயிரணுக்கள் மடிந்தன. முழுக் கிருமியே தேவைப்படவில்லை. இம்முடிவு 2004ல் வெளியானது.

எப்படி மடிந்தன என்பதை 2007ல் வெளியான ஆய்வு காட்டியது. 7ஏ புரதம் நேரே போய்க் காவலாளியான பிசிஎல்-எக்ஸ்எல்லுடன் ஒட்டிக்கொள்கிறது. சாவைத் தூண்டும் புரதங்களான பேக்ஸ், பேக் ஆகியவற்றை அது தொடுவதில்லை. காவலாளி மடக்கப்பட்டால் அந்தப் புரதங்களுக்குக் கட்டுப்பாடு போய்விடும். அவை உயிரணுவின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் துளையிடும். உள்ளிருந்து கசியும் பொருள், ‘கேஸ்பேஸ்’ எனும் கத்தரிக்கோல் புரதங்களை எழுப்பிவிடும். அதன்பின் மீட்சியில்லை. ஆனால், உயிரணுவில் பிசிஎல்-எக்ஸ்எல்லை அதிகமாகச் சுரக்கச் செய்தபோது 7ஏயின் ஆட்டம் அடங்கியது. 7ஏயின் சவ்வில் பதியும் பகுதியை நீக்கினாலும் கொல்லும் திறன் போயிற்று.

இவை ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் கண்டவை. 7ஏ இல்லாத சார்ஸ் கிருமியும் அத்தட்டுகளில் பெருகவே செய்கிறது. ஆகவே நோயாளியின் உடலில் நடந்த அழிவு முழுவதையும் இந்த ஒரு புரதத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

இருந்தாலும், கிருமியின் இத்தகைய துணைப் புரதங்கள் சாதாரணமானவை அல்ல. 2020ல் கொவிட்-19 பரவியபோது, 382 மரபெழுத்துகளை இழந்த ஒரு கிருமி வகை சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. அதில் விடுபட்டது 7ஏ அன்று, அதற்கு அடுத்துள்ள பகுதி. அந்த வகை மட்டுமே தொற்றிய 29 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட உயிர்வாயு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கமான கிருமி தொற்றிய 92 பேரில் 26 பேருக்கு அது தேவைப்பட்டது.