போய்ச் சேர்ந்ததா?

2023 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. தேசமே கணக்கு முடிக்கிற நாள். நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனில், மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு மூட்டையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். படித்தது பி.காம். எழுத்து பேர் வாங்கித் தரும், வாடகை தராது. அதனால் மார்ச் மாதம் வந்தால் ஓர் ஆடிட்டருக்காக ஸ்டாக் சரிபார்க்கக் கிளம்பிவிடுவேன்.

மூட்டை எண்ணுவது சுலபம் என்று நினைத்தால் நீங்கள் குடோனே பார்த்ததில்லை. முன்வரிசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, அடுக்கைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். லோடுமேன்கள் நாலு பேர் மூன்று நாள் இதைச் செய்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு அறுபது வயசிருக்கும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும், "எழுதிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார்.

"எழுதியாச்சுங்க. மேலே வேற அனுப்பிட்டேன்" என்பேன்.

"மேலேன்னா?"

"கிளவுட்டு."

அவர் அண்ணாந்து குடோன் கூரையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வெள்ளி சாயங்காலம் அடுக்கிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. நான் தப்பித்தேன். டேப்லெட் சிமெண்ட் தரையில் தலைகுப்புற விழுந்தது. ரிப்பேர்க் கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க" என்றார். ஆக, டேப்லெட் போய்ச் சேர்ந்தது.

நான் பதறவில்லை. எல்லாம்தான் கிளவுட்டில் இருக்கிறதே! ஜம்மென்று ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்தேன். முதல் நாள் கணக்கு இருந்தது. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் இல்லை. ஃபைல் போய்ச் சேரவில்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் லாட்ஜ் வைஃபையில் அனுப்பினேன், போனது. மறுநாள் லாட்ஜில் வைஃபை படுத்துவிட்டது. சிம் கார்டுதான் இருக்கிறதே என்று குடோன் வாசலிலிருந்தே அனுப்பினேன். நான் சேமிக்கிற ஆப்பின் செட்டிங்கில், 'வைஃபை இருந்தால் மட்டும் அனுப்பு' என்று ஒரு பொத்தான் ஆன் ஆகியிருந்தது. அது என்ன செய்யும், பாவம்? வைஃபை வரட்டும் என்று இரண்டு நாளாக வரிசையில் காத்திருந்தது. 'காத்திருக்கிறேன்' என்று திரையில் சொல்லவும் சொன்னது. நான்தான் அதைப் படிக்காமல் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டேன்.

மறுநாள் ஏப்ரல் 1. நாள் பொருத்தத்தைப் பார்த்தீர்களா? நாலு பேரையும் கூப்பிட்டு, இரண்டு நாள் வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்றேன். கூலி என் கையிலிருந்து. யாரும் முகம் சுளிக்கவில்லை. பெரியவர் மட்டும், "நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்துங்க. முடிச்சிட்டு மத்தியானமா வந்துடறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு மூட்டையில் கை வைக்குமுன் கேட்டார்:

"இந்தத் தடவை எங்கீங்க தம்பி எழுதறீங்க?"

அந்தக் கேள்விக்குக் கூலி கொடுத்து ஈடுகட்ட முடியாது ஸார்.

அதற்கப்புறம்தான் இந்த கிளவுட் சமாசாரத்தை உட்கார்ந்து படித்தேன். மேகமும் இல்லை, மின்னலும் இல்லை. எங்கேயோ ஒரு கட்டடத்தில் இருக்கிற இன்னொருத்தர் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். டிராப்பாக்ஸ் என்ற கம்பெனியை 2007-ல் ஆரம்பித்த ட்ரூ ஹூஸ்டன், பாஸ்டனில் பஸ் ஏறியபின் பென் டிரைவை மறந்துவிட்டு வந்ததை உணர்ந்தாராம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை. ஆக, இது நம்மைப் போன்ற மறதிக்காரர்களுக்காகவே கண்டுபிடித்தது. ஆனால் மறதிக்கு மருந்து தருகிறவர்கள் அசட்டைக்குத் தருவதில்லை.

ஆபீஸ் வேலையை டேப்லெட்டில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

ஒன்று, ஷேர் பொத்தானை அமுக்கி டிரைவில் சேமித்தால் போவது ஒரு நகல்தான். அதன் பிறகு டேப்லெட்டில் இருக்கும் ஃபைலில் நீங்கள் எதைத் திருத்தினாலும் அந்த நகலுக்குத் தெரியாது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைத் திருத்துகிற கதை. டிரைவில் இருக்கும் ஃபைலையே திறந்து எழுதுவது உத்தமம்.

இரண்டு, இடம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதில் ஜிமெயில், போட்டோ, டிரைவ் மூன்றும் ஒண்டுக்குடித்தனம். குலதெய்வம் கோயில் வீடியோ நிறைந்துவிட்டால் ஆபீஸ் பாலன்ஸ் ஷீட்டுக்குக் கதவு திறக்காது.

மூன்று, ஒரே ஃபைல் எல்லா இடத்திலும் தெரிகிற ஸிங்க் வசதி இருந்தால், ஒரு இடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு.

நான்கு, கம்பெனி கணக்கைச் சொந்த ஜிமெயிலில் வைக்காதீர்கள். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். எங்கே சேமிப்பது என்று மேலதிகாரியைக் கேட்டுவிடுங்கள். திட்டு வாங்கினாலும் முன்னாடியே வாங்குவது லாபம்.

மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் நிம்மதியா? 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. 858 டெராபைட். வேறெங்கும் நகல் இல்லை. முக்கியமானதை இன்னொரு இடத்திலும் வைப்பது நல்லது.

தபாலாபீஸில் முன்பு ரிஜிஸ்தர் தபாலோடு அக்னாலட்ஜ்மென்ட் கார்டு வைப்போமே, ஞாபகமிருக்கிறதா? ரிஜிஸ்தர் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் புத்தி நமக்கு வேண்டும். அனுப்பியது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு. இன்னொரு கருவியில் திறந்து, கடைசி வரியைப் படித்துப் பார்க்கிறவரை எந்த ஃபைலும் சேமித்த ஃபைல் ஆகாது.

இப்போதெல்லாம் வெளியூர் போனால், சாயங்காலம் ஃபைலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன் போடுகிறேன். மனைவி தன் செல்லில் திறந்து கடைசி வரியை வாசிக்க வேண்டும். போன மார்ச்சில் ஒரு நாள் ராத்திரி பத்து மணி.

"அடுக்கு பதினாலு, இருநூத்துப் பன்னெண்டு மூட்டை. சரியா?"

"சரி. போய்ச் சேர்ந்துடுச்சு."

"அது சேர்ந்துடுச்சு. நீங்க எப்ப வீடு வந்து சேரப்போறீங்க?"